சுந்தரத்தின் பல்லிகள்

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது நெடி. மண்ணெண்ணெயில் ஏதோ பழ எசன்ஸைக் கலந்த மாதிரி. எனக்குப் பின்னால் படியில் நின்றிருந்த என் தம்பி சுந்தரம் சட்டென்று என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"எக்கா, உள்ள போவாத. மருந்து அடிச்சிருக்கானுவ."

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். கூடத்தின் சிவப்புத் தரையில் ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. வெளுத்த வயிறு. கால்கள் காற்றில் எதையோ பற்றப் பார்த்தன. டியூப் லைட்டுக்கு நேர் கீழே இன்னொன்று. நாற்காலியின் கைப்பிடியில் ஒன்று, வால் மட்டும் துடித்துக்கொண்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, சுவரின் உச்சியில் ஒட்டியிருந்த ஒன்று பிடி தளர்ந்து, ஈரத்துணி விழுவது போன்ற சத்தத்துடன் தரையில் விழுந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம். தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நடுப்பகல். ஜன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தப்பட்டிருந்தன.

எங்கள் அம்மா பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் பல்லி விழும் பலனை மனப்பாடமாக வைத்திருந்தாள். தலையில் விழுந்தால் இன்னது, இடது தோளில் விழுந்தால் இன்னது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வாள். யார் மேலும் விழாமல் வெறும் தரையில் விழும் பல்லிக்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாங்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் கொல்கத்தாவில் வேலை பார்த்த வங்கியைப் பற்றியும், டிராம் வண்டிகளைப் பற்றியும், மீன் சாப்பிடாத ஒருத்தி அந்த ஊரில் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்த வீட்டை எழுதினால் இந்த மத்தியானத்தை எழுத வேண்டும். அதனால்தான்.

வாசனை இல்லாத வேலை

சுந்தரம் தூத்துக்குடியில் ஒரு சிறிய கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருந்தான். தானியக் கிடங்குகளுக்குப் புகை போடுகிற கம்பெனி. மூட்டைகளை மலை மாதிரி அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் மணல் பைகளை வைத்து அடைத்து, உள்ளே மாத்திரைகளைப் போடுவார்கள். மாத்திரை காற்றில் கரைந்து நஞ்சாகும். வண்டு, அந்து, எலி எல்லாம் போகும். முகமூடிக்குள் வைக்கிற வடிகட்டியை மாற்றச் சொல்லிக் கேட்டால், அடுத்த மாதம் என்பார்களாம்.

வருஷங்கள் கழித்து இருமல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. நுரையீரல் இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்ன சில மாதங்களில் கம்பெனி பூட்டிக்கொண்டு போய்விட்டது. அவன் மனைவியும் வேறு வாழ்க்கை தேடிப் போனாள். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் எழுதப்போவதில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்தக் கதையை முன்பே வேறொரு கட்டுரையில் சொல்லிவிட்டேன். தம்பியைக் கொல்கத்தாவுக்கு வரச் சொன்னேன். ஹௌரா நிலையத்தில் அவன் ரயிலிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தைக் கடப்பதற்குள் பலமுறை உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்தபோதுதான் நிலைமை எனக்குப் புரிந்தது.

வந்த முதல் வாரமே விபரீதம். வழக்கம் போல அறையில் கொசு மருந்தைச் சொருகிவிட்டுச் சமையலுக்குப் போனேன். திரும்பி வந்தால் அவன் கட்டிலில் முன்புறம் குனிந்து, விலா எலும்புகள் குழிய, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

நுரையீரல் டாக்டர் அலிப்பூரில் இருந்தார். கண்டிப்பானவர். "சுருள், ஸ்பிரே, திரவம், பினாயில், ஊதுவத்தி, எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சொல்லிவிட்டார். ஆனால் எங்களுடையது கீழ்த்தளம். ஜன்னலுக்கு வெளியே சாக்கடை. ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற கொசு, சமையலறைக் குழாய் வழியாக வருகிற கரப்பான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவில் யாருக்காவது டெங்கு.

ஒரு நாள் நான் வங்கியிலிருந்து வந்தபோது சுந்தரம் கட்டிலில் படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பல்லி ஒன்று ஒரு பூச்சியை நோக்கி அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தது. லபக்கென்று பிடித்தது. பூச்சியின் இறகு மட்டும் அதன் வாயோரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத்தன வருசமா நான் பூச்சிய மருந்து வச்சுக் கொன்னேன்" என்றான். "இவன் திங்கான். தின்னா வாசன கிடையாதுல்லா."

குடித்தனம்

அன்றிலிருந்து வீடு பல்லிகளுடையதாயிற்று.

எனக்குப் பல்லி என்றால் அருவருப்பு. ஊரில் சுவரில் ஒன்று தெரிந்தால் துடைப்பத்தை எடுக்கிறவள் நான். ஆனால் அவன் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்போது அருவருப்புக்கெல்லாம் இடமில்லை.

அவன் வெளி வராந்தாவிலிருந்தும் சுற்றுச்சுவரிலிருந்தும் பல்லிகளை ஒரு பிஸ்கட் ஜாடியில் பிடித்து வந்து உள்ளே விட்டான். படங்களின் பின்னால் இடைவெளி இருக்கும்படி கட்டையைச் செருகினான். கூடத்து மூலையில் சின்ன பல்பு ஒன்றைப் போட்டு, பூச்சிகள் அங்கே கூடும்படி செய்தான். அலமாரிக்குப் பின்னால் வெள்ளை மிட்டாய் போல ஒட்டியிருந்த முட்டைகளை நான் துடைக்கப்போனபோது, கையைப் பிடித்துக்கொண்டான். தினமும் காலையில் ஈரத்துணியால் எச்சங்களைத் துடைப்பது அவன் வேலை. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வான். நான் செய்கிறேன் என்றால் கேட்கமாட்டான். சமையலறையில் திறந்த பாத்திரம் எதுவும் இருக்கக்கூடாது என்பது என் பங்குக்கு நான் போட்ட சட்டம்.

வங்கியில் என்னைப் படுத்துகிறவர்களைப் பற்றி நான் புலம்புவதைக் கேட்டு, அந்தப் பெயர்களையே பல்லிகளுக்கு வைத்தான். டியூப் லைட்டுக்குப் பின்னால் அசையாமல் கிடந்த பருமனான பல்லி ரீஜனல் மேனேஜர். வாலை இழந்து, எந்நேரமும் சந்தேகத்துடன் எட்டிப் பார்க்கிறது ஆடிட்டர். "இன்னைக்கு உன் மேனேஜர் ஒரு வேலையும் பாக்கலக்கா. வாயப் பொளந்துட்டே கிடந்தான்" என்பான். நான் வாய்விட்டுச் சிரிப்பேன். ஆபீஸ் புழுக்கம் கொஞ்சம் இறங்கும்.

பலன் இருந்ததா என்று கேட்டால், ஓரளவு. கொசு குறைந்தது, ஒழியவில்லை. குட்டிக் கரப்பான்கள் காணாமல் போயின. பெரிய கரப்பான்களை அவன் செருப்பால்தான் அடித்தான். ஆனால் மருந்தில்லாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டோம். அவன் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

பல்லிகளைப் பற்றி அவனுக்கு மயக்கம் எதுவும் கிடையாது. "டெங்குக் கொசு பகல்ல கடிக்கும்க்கா. இவனுவ பகல்ல தூங்குவானுவ. அந்த ஷிப்டுக்கு நம்மகிட்ட ஆள் இல்ல" என்பான். பகலில் முழுக்கைச் சட்டையுடன் உட்கார்ந்திருப்பான். எங்கே தண்ணீர் தேங்கினாலும் கவிழ்த்துவிடுவான்.

மாடி வீட்டு தோர்ஷா

வீட்டுச் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. நான் அவரைப் பௌதி என்பேன், அண்ணி என்கிற மாதிரி. அவர் என்னை தீதி, அதாவது அக்கா என்பார். மகள் நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேத்தி தோர்ஷா வார நாட்களில் பாட்டியிடம் இருந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சிறுமி.

அவளுக்குக் கீழ் வீடுதான் உலகம். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் ஓடி வருவாள். "மாமா, ஆஜ் கீ கேயேச்சே?" இன்று என்ன தின்றது என்று கேட்பாள். மாமா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருந்ததில் சுந்தரத்துக்குப் பெருமை. அரைகுறை வங்காளத்திலும் கை ஜாடையிலும் பதில் சொல்வான். அவளுக்கு அது முழுக்கப் புரிந்துவிடும்.

பல்லிக்கு வங்காளத்தில் டிக்டிகி என்று பெயர். யாராவது பேசும்போது பல்லி சத்தமிட்டால், அது "டிக், டிக்", அதாவது "சரி, சரி" என்று சொல்கிறதாம். பௌதி உடனே மேஜையை விரலால் தட்டி, தானும் "டிக் டிக்" என்பார். எங்கள் அம்மாவும் தரையைத் தட்டுவாள், கிருஷ்ணா கிருஷ்ணா என்று சொல்லி.

அந்த வருஷம் தீபாவளியை ஒட்டி வந்த காளி பூஜை சமயம் ஞாபகம் வருகிறது. அந்தப் பருவத்தில் கொல்கத்தாவில் விளக்கைச் சுற்றி ஷ்யாமாபோகா என்ற பச்சைப் பூச்சிகள் மொய்க்கும். தேநீரில் விழும், சட்டைக் காலருக்குள் புகும். சாயங்காலம் சுந்தரம் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு மூலை பல்பை மட்டும் போட்டான். தோர்ஷாவும் பௌதியும் நானும் தரையில் உட்கார்ந்திருந்தோம். எங்கெங்கோ இருந்து பல்லிகள் வந்து சுவரில் வட்டம் கட்டின. ரீஜனல் மேனேஜர் தின்று தின்று, வயிறு உப்பி, சுவரில் நிற்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்கினார். தோர்ஷா உருண்டு சிரித்தாள். சுந்தரமும் சிரித்தான், இருமல் வந்து நிறுத்தும் வரை.

அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மாடியில் காய்ச்சல்

அடுத்த மழைக்காலத்தின் முடிவில் தோர்ஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணம் என்றார்கள். பிறகு கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போயிற்று. பௌதி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்ததில் சேலை கட்டுவதுகூட ஒழுங்காக இல்லை. சுந்தரம் வராந்தாவிலேயே உட்கார்ந்து, அவர் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்த்தே நிலவரம் தெரிந்துகொள்வான்.

அந்த வாரத்தில்தான் சுந்தரத்துக்கு மூச்சுப் பரிசோதனை. காலையில் அலிப்பூருக்குப் போனோம். அதே காலையில் பௌதியின் மகள் ஏற்பாடு செய்த மருந்தடிப்பவர்கள் வந்தார்கள். மாடி முழுவதும் அடித்துவிட்டு, கீழேயும் அடிக்கட்டுமா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி பௌதியிடம் இருந்தது.

"கீழே இருக்கறவருக்கு மூச்சு நோய், வாசனை ஆகாது" என்று பௌதி சொல்லியிருக்கிறார். இது வாசனையே இல்லாத மருந்து, குழந்தைகள் இருக்கிற வீட்டிலும் இதைத்தான் அடிக்கிறோம், அவர்கள் வருவதற்குள் காய்ந்துவிடும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். அங்கே பேத்தியின் கையில் ஊசி ஏறியிருந்தது. கீழ் வீட்டுக்கும் டெங்கு வந்துவிடக்கூடாது என்று அவர் நினைத்தார். சாவியைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மத்தியானம் தெரிந்தது நெடியும் தரையும் மட்டும்தான்.

"வா, வங்கி கெஸ்ட் ஹவுஸுக்குப் போயிரலாம். எதுவா இருந்தாலும் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவன் வாசல் குழாயில் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டான். எனக்கு விளங்குவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுக்கா. உசுரோட கிடக்குதுல்லா."

முதலில் ஜன்னல்களைத் திறந்தான். பிறகு குனிந்து குனிந்து பொறுக்கினான். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவன் என்னைவிட எடை குறைந்திருந்தான். இழுத்தால் வந்துவிட்டான். பிஸ்கட் ஜாடி மட்டும் கையில் இருந்தது.

படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்துணியால் முதுகையும் வாயையும் துடைத்தான். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். அவற்றின் விலா அடித்துக்கொண்டது. அவன் விலாவும் அடித்துக்கொண்டது. ஒன்றின் துடிப்பு நிற்கும். அதைப் படியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பான். ஆடிட்டரை ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான்.

கேட் முன்னால் வாடகைக் கார் வந்து நின்றது. பௌதி இறங்கினார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம்.

"தீதி, ஏறிடுச்சு. பிளேட்லெட் ஏறிடுச்சு. தோர்ஷா கஞ்சி கேட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், படியைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். சுந்தரத்தின் நீல உதட்டைப் பார்த்தார். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

சுந்தரம் நிமிர்ந்து பார்த்தான். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில், "பாலோ, பௌதி. குப் பாலோ" என்றான். நல்லது, ரொம்ப நல்லது.

பூஜை நாட்கள்

கெஸ்ட் ஹவுஸில் சில நாட்கள் ஓடின. பிறகு ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய், அப்புறம் முகத்தை மூடிய கவசம். வார்டுக்கு வெளியே ஊர் பூஜைக்காக ஜோடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கவசத்தை விலக்கச் சொல்லி ஜாடை காட்டினான்.

"கோவம் வருதுக்கா" என்றான். "யார் மேலன்னு தெரியல. அதான் தாங்க முடியல."

நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது.

"கிடங்குல தார்ப்பாய விலக்குனா தரை பூரா பல்லி கிடக்கும். வாரிக் கொட்டிட்டுப் போவோம். நான் ஒருநாளும் குனிஞ்சு பாத்ததில்ல."

அதற்கு மேல் அவனுக்கு மூச்சு வரவில்லை. கவசத்தைத் திரும்ப வைத்தேன்.

பூஜையின் அஷ்டமியன்று காலையில், தெருவெல்லாம் டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தபோது சுந்தரம் போய்விட்டான். அவனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன வண்டி கூட்டத்தில் நகராமல் நின்றபோது, புதுத் துணி உடுத்தியவர்கள் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

அன்று அடித்த மருந்துதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது. அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. யாரையும் வெறுப்பதற்கும் அது போதவில்லை, மன்னிப்பதற்கும் போதவில்லை.

ஊரிலிருந்து சித்தி போனில் கேட்டாள்: "வீட்டுக்குள்ள பல்லிய வளத்தீங்களாமே, விளங்குமா?" போனை வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவை

சுவர்களைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் செய்து அதே வீட்டுக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது.

முதலில் திரும்பி வந்தவை கரப்பான்கள். பிறகு கொசு. பல்லி வரவில்லை. படங்களின் பின்னால் கட்டைகள் அப்படியே இருந்தன. சுவர் வெறும் சுவராக இருந்தது.

ஒரு சாயங்காலம் கடையில் கொசு மருந்து வாங்கி வந்து, அறையில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது நான் எந்த மருந்தையும் போட்டுக்கொள்ளலாம். மூச்சு முட்டுவதற்கு ஆள் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்த இனிப்பு நெடியை நெஞ்சு முழுக்க இழுத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோர்ஷாவை அவள் அம்மா நியூ டவுனுக்கே கூட்டிப்போய்விட்டாள். பௌதி மாடியில் தனியாக இருந்தார். படியில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒதுங்கிக்கொள்வோம். நான் வேலைக்குப் போகும்வரை அவர் கீழே இறங்கமாட்டார்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பௌதி கதவைத் தட்டினார். உள்ளே வந்து, சுவரைப் பார்க்காமல் என் எதிரே உட்கார்ந்தார். சால்வை முனையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"தீதி, என்னைத் திட்டுங்க" என்றார் வங்காளத்தில். "நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கறத என்னால தாங்க முடியல. உங்க பாஷையிலேயே திட்டுங்க. எனக்குப் புரிய வேண்டாம். காதுல விழுந்தா போதும்."

நான் திட்டத்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ வார்த்தைகளை எனக்குள் உருட்டி வைத்திருந்தேன். சாவியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். உங்கள் பேத்தி பிழைத்தாளே, அது எனக்குச் சந்தோஷமில்லை என்று நினைக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

ஒரு சொல்லும் வரவில்லை. அந்த வீட்டுக்குள் யாரிடமும் தமிழில் பேசி எத்தனை காலமாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. எக்கா என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் அந்தப் பேச்சு என் தொண்டையிலேயே காய்ந்துபோயிருந்தது. பௌதி கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பிரம்படிக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் வந்தது வங்காளம்தான்.

"சா காபேன்?" என்று கேட்டேன். டீ குடிக்கிறீர்களா.

பௌதி முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.